ஊராட்சிப் பணிகள்: பில் எல்லாம் சரியாக இருக்கிறது, செலவுக்கேற்ற பயன் கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பது?

வேலிப்பருத்தி:

வணக்கம். எங்கள் கிராம ஊராட்சியின் கடந்த மூன்று நிதியாண்டுச் செலவை ஐந்தாறு பேர் சேர்ந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். கிராம சபையில் வரவு செலவு அறிக்கையான படிவம் 30 வாசிக்கிறார்கள். அதில் மொத்தத் தொகைக்கு மேல் ஒன்றும் புரிவதில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டவை: தலா 100 மீட்டர் நீளத்தில் இரண்டு கான்கிரீட் தெருக்கள், 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியும் அதிலிருந்து வீட்டுக் குழாய்களும், எல்.இ.டி. தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் பழுது பில்கள்.

ஊராட்சிச் செயலர் எதையும் மறைக்கவில்லை. கேட்ட வவுச்சரைக் காட்டுகிறார். கையெழுத்து, முத்திரை, தீர்மான எண் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒரு தெருவில் மேல்பூச்சு உரிந்து ஜல்லி தெரிகிறது. கடைசித் தெருவில் குழாய் இருக்கிறது, தண்ணீர் நூலாகத்தான் வருகிறது.

எந்த ஆவணத்தைக் கேட்க வேண்டும், கேட்டதில் எதைப் பார்க்க வேண்டும்? பக்கத்து ஊராட்சியில் இதே நீளத் தெருவைக் குறைந்த தொகையில் முடித்திருக்கிறார்கள். அதை ஆதாரமாகக் காட்டலாமா? எல்லாம் பார்த்த பிறகு யாரிடம் கொண்டுபோவது?

---

அளவுநாடா:

தெருவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் எழுதட்டும்.

வவுச்சரில் தொடங்காதீர்கள். வவுச்சர் என்பது கடைசித் தாள். ஒரு பணிக்குத் தீர்மானம், நிர்வாக அனுமதி, மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு, எம்-புக், பில் என்று வரிசை உண்டு. இதில் உங்களுக்கு உயிர்நாடி இரண்டு: விரிவான மதிப்பீடு, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். மதிப்பீட்டின் சுருக்கப் பக்கத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "விரிவான மதிப்பீடு, விலைப் பகுப்பாய்வு, லீட் அட்டவணை உட்பட" என்று எழுதிக் கேளுங்கள். லீட் என்றால் பொருளை ஏற்றிவரும் தூரம். கூடவே வேலை உத்தரவு, ஒப்பந்த நிபந்தனைகள், இறுதிப் பில், கான்கிரீட் கனசதுரச் சோதனை முடிவு. இவ்வளவு போதும்.

தகவல் உரிமைச் சட்ட மனுவில் "ஏன் தரமற்ற சாலை போட்டீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, வரவும் வேண்டியதில்லை. அது தகவல் அல்ல. இப்படி எழுதுங்கள்: "... தெரு சிமென்ட் கான்கிரீட் சாலைப் பணி தொடர்பான எம்-புக்கின் எண், பணி பதிவாகியுள்ள பக்கங்களின் சான்றொப்பமிட்ட நகல்." ஒரு மனு ஒரு பணி. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தவறான இடத்துக்குப் போனாலும் பிரிவு 6(3)-இன்படி ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. 30 நாள் கெடு. கெடு தாண்டினால் பிரிவு 7(6)-இன்படி நகலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

எம்-புக் கைக்கு வந்ததும் முதலில் தேதிகளைப் பாருங்கள். கீழே சிமென்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவையில் ஒரு படுகை, அதன்மேல் எம்20 தரக் கான்கிரீட் என்று மதிப்பீடு இருந்தால், படுகையை மூடுவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும். மூடிய பிறகு அதை யாராலும் அளக்க முடியாது. படுகைக்கும் மேல்தளத்துக்கும் ஒரே தேதியில் அளவு பதிவாகியிருந்தால், படுகையின் அளவு மேசையில் எழுதப்பட்டது என்று சந்தேகிக்க முழு நியாயம் உண்டு.

அடுத்து எண்கள். நம் ஊர்த் தெரு ஒரே அகலத்தில் இருக்காது. ஒரு வீட்டுத் திண்ணை முன்னே நிற்கும், ஓர் இடத்தில் மின்கம்பம் நிற்கும். நேரில் அளந்த எம்-புக்கில் 2.90, 3.10, 2.75 என்று பத்துப் பத்து மீட்டருக்கு அகலம் மாறி வந்து, அதன் சராசரி எடுக்கப்பட்டிருக்கும். 1 × 100.00 × 3.00 × 0.15 = 45.00 என்று ஒற்றை வரியில் மதிப்பீட்டு எண்ணே அச்சு அசலாக இறங்கியிருந்தால், நாடாவை யாரும் விரிக்கவில்லை என்றுதான் பொருள். மேல் அலுவலரின் சரிபார்ப்பு அளவீட்டுக் கையெழுத்தில் தேதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தேதியில்லாத கையெழுத்து மதிப்பற்றது.

பிறகு களம். 30 மீட்டர் எஃகு நாடா வேண்டும். துணி நாடா இழுபடும், எதிராளி அதை வைத்தே உங்கள் அளவைத் தள்ளிவிடுவார். 10 மீட்டருக்கு ஓர் இடம் என்று சாக்குக்கட்டியால் குறித்து அகலம் எடுங்கள். கனத்தைத்தான் பெரும்பாலோர் தவறாக அளக்கிறார்கள். சாலை ஓரத்தில் ஸ்கேலை வைத்து 15 செ.மீ. இருக்கிறது என்று திருப்தியாகத் திரும்பிவிடுவார்கள். ஓரத்தில் 15 செ.மீ. இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் அங்கே சாரப்பலகையின் உயரம் அது. நடுவில் மண்ணைச் சீவாமல் மேடாக விட்டிருந்தால் அங்கே 10 செ.மீ. கூட இருக்காது. தெருவின் நடுவைப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: குழாய் இணைப்புக்காகச் சாலையைக் குறுக்கே வெட்டிய இடங்கள். அந்த வெட்டில் மேல்தளம், படுகை, மண் மூன்றும் அடுக்காகத் தெரியும். மூடுவதற்குள் எஃகு ஸ்கேலைச் சேர்த்து வைத்துப் படம் எடுங்கள்.

கணக்கு எளிது. 100 × 3 × 0.15 என்றால் 45 கன மீட்டர். சராசரிக் கனம் 12 செ.மீ.தான் என்றால் 36. குறைவு 9 கன மீட்டர். மதிப்பீட்டில் கன மீட்டருக்கு 6,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 58,500 ரூபாய்க்கு வேலை நடக்கவில்லை. எம்20-க்கு 1:1.5:3 கலவையில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட் வேண்டும், ஆக 72 மூட்டை.

நீங்களே சாலையைத் துளைக்காதீர்கள், அது பொதுச் சொத்து. ஆனால் தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(ஜெ) ஆவணத்தோடு நிற்பதில்லை. பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு மூன்று இடத்தில் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) வெட்டி மாதிரி கேளுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது: குறைந்தது மூன்று கோர், அவற்றின் சராசரி வலிமை குறிப்பிட்ட தரத்தில் 85 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, எந்த ஒரு கோரும் 75 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. எம்20-க்கு முறையே சதுர மி.மீ.க்கு 17, 15 நியூட்டன்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் தெருவில் ஜல்லி தெரிவதைக் கண்டு உடனே சிமென்ட் திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். மேல்பூச்சு மட்டும் உரிந்தால் பெரும்பாலும் தண்ணீர் அதிகம் ஊற்றிக் கலந்தது, ஈரம் மேலே நிற்கும்போதே கரணை போட்டுத் தேய்த்தது, அல்லது நீராற்றலில் (போட்ட பின் ஈரமாக வைத்திருப்பதில்) குறை. குறுக்கே ஒழுங்கான இடைவெளியில் வெடிப்பு என்றால் இணைப்புப் பள்ளம் நேரத்தோடு வெட்டவில்லை. ஓரம் உடைந்து இறங்கினால் பக்க மண் அணைக்கவில்லை, அல்லது சாக்கடை நீர் அடியில் அரிக்கிறது. சக்கரத் தடத்தில் துண்டு துண்டாக உடைந்தால்தான் கனத்திலும் படுகையிலும் சந்தேகம். முதல் மூன்றும் மேற்பார்வைக் குறை, கடைசிதான் அளவுக் குறை. இரண்டுக்கும் கேட்கும் கேள்வி வேறு.

---

பைசாக்கணக்கு:

அளவுநாடா சொன்னதோடு சேர்த்து, தாள் பக்கம்.

தணிக்கையில் "சரியாகச் செலவானதா" என்பது ஒரு கேள்வி, "செலவானதற்குப் பயன் உண்டா" என்பது வேறு கேள்வி. முதலாவது விதி சார்ந்தது: அனுமதி, தலைப்பு, வரம்பு, கையெழுத்து. இரண்டாவதைச் செயல்திறன் தணிக்கை என்பார்கள். அதில் மூன்று அளவுகோல்: சிக்கனமாக வாங்கினோமா, வாங்கியதை வீணாக்காமல் பயன்படுத்தினோமா, நினைத்த பலன் கிடைத்ததா. உங்கள் செயலர் காட்டுவதெல்லாம் முதல் கேள்விக்கான விடை. அவர் அதில் தேறிவிடுவார். கடைசித் தெருவில் தண்ணீர் வராதது மூன்றாவது அளவுகோலில் விழும், அதற்கு எந்த வவுச்சரிலும் விடை இராது.

நடைமுறையில் ஒரே சூத்திரம்தான்: ஒரே விஷயத்தை வெவ்வேறு கைகள் எழுதிய இரண்டு பதிவுகளை எதிரெதிரே வையுங்கள். ஒரே கை எழுதிய பத்துப் பதிவேடு ஒத்துப்போவதில் ஆச்சரியமில்லை.

தெருவிளக்கு: வாங்கிய பில், இருப்புப் பதிவேடு இரண்டும் ஊராட்சி எழுதியவை. மின்வாரியப் பில் வெளியார் எழுதியது. 100 விளக்கு, 20 வாட், இரவு 12 மணி நேரம் என்றால் நாளைக்கு 24 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1,440. பில் அதில் பாதிதான் என்றால் பாதி விளக்கு எரியவில்லை, அல்லது இல்லவே இல்லை. பில் இரு மடங்கு என்றால் பகலிலும் எரிகிறது, அல்லது யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள். வேலை உத்தரவில் உத்தரவாதக் காலம் போட்டிருக்கும். அந்தக் காலத்துக்குள் பழுதான விளக்குக்குப் பதில் விளக்கு இலவசமாக வந்திருக்க வேண்டும். அதற்குப் புது பில் போட்டிருந்தால் அது நேரான நட்டம். இருப்புப் பதிவேட்டில் பழைய விளக்கு திரும்ப வந்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பத்தியே காலியாக இருக்கும்.

பிளீச்சிங் பவுடர்: 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு. 30,000 லிட்டர் தொட்டி ஒரு முறை நிரம்ப 120 கிராம், நாளைக்கு இரு முறை என்றால் 240. மாதம் 7.2 கிலோ, ஆண்டுக்கு ஏறக்குறைய 88 கிலோ, 25 கிலோ மூட்டையில் மூன்றரை. சாக்கடை ஓரம் தூவுவதற்கு, கிணற்றுக்கு என்று தனியே சேருங்கள். அதன் பிறகும் பில் நாற்பது மூட்டை காட்டினால் கேட்க வேண்டியதுதான். பில் குறைவாக இருந்தாலும் கேளுங்கள். குளோரின் போடாமல் மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

மூன்று விலைப்புள்ளி: மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை, ஒரே எழுத்துரு என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதைவிட உறுதியானது ஜி.எஸ்.டி. எண். அது 15 இடம் கொண்டது. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் உரிமையாளரின் பான் எண். இரண்டு வெவ்வேறு கடைப் பெயரில் நடுவிலுள்ள பத்தும் ஒன்றாக இருந்தால் ஆள் ஒருவரே. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, நடப்பில் உள்ளதா என்பது வந்துவிடும். விலைப்புள்ளி கொடுத்த தேதிக்குப் பிறகு பதிவான கடையும், மோட்டார் பழுது பார்த்ததாகப் பில் கொடுத்த ஜவுளிக் கடையும் அதில் வெளிப்படும்.

பணியைப் பிரிப்பது: ஒரே தெரு, "கோயில் முதல் டீக்கடை வரை", "டீக்கடை முதல் பள்ளி வரை" என்று மூன்று மதிப்பீடாக, ஒரே வாரத்தில், ஒரே ஒப்பந்ததாரருக்கு. பெரிய தொகைக்கான ஒப்பந்தப்புள்ளி நடைமுறையையும் மேல் அலுவலர் அனுமதியையும் தவிர்க்கச் செய்வது. தனித்தனிக் கோப்பாகப் பார்த்தால் தெரியாது. எல்லாப் பணியையும் தேதி, இடம், ஒப்பந்ததாரர் என்று ஒரே தாளில் எழுதித் தேதி வாரியாக அடுக்குங்கள்.

நிதிக்குழு மானியச் செலவென்றால் இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சி வாரியாக வவுச்சர் தேதியும் தொகையும் பொதுமக்களே பார்க்கலாம். அந்தத் தேதியை எம்-புக் சரிபார்ப்புத் தேதியோடு பொருத்துங்கள். பணம் முந்தி, அளவு பிந்தி என்றால் அது மார்ச் கடைசி வாரத்து வேலை: நிதி காலாவதி ஆகிவிடும் என்று முடியாத பணிக்குப் பில் போடுவது. 15ஆவது நிதிக்குழுவின் 2021-22 முதல் 2025-26 வரையிலான மானியத்தில் 60 விழுக்காடு டைடு, அதாவது குறிப்பிட்ட செலவுக்கென்றே ஒதுக்கிய நிதி; அதில் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. சாலைச் செலவு டைடு நிதியில் ஏறியிருந்தால் தரம் எப்படி இருந்தாலும் அது தணிக்கைத் தடைக்கு, அதாவது ஆட்சேபத்துக்கு உரியது.

இறுதிப் பில்லில் பிடித்தங்களை விட்டுவிடாதீர்கள். வருமான வரி, ஜி.எஸ்.டி., தொழிலாளர் நல நிதி ஆகியவற்றைப் பிடித்தார்களா, பிடித்ததை அரசுக்குக் கட்டினார்களா. அதோடு நிறுத்திவைத்த தொகை. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் முன் அதை விடுவித்திருந்தால், உங்கள் உரிந்த தெருவை ஒப்பந்ததாரர் செலவில் சரிசெய்ய வைத்திருந்த ஒரே பிடியையும் விட்டுவிட்டார்கள். இதை முதலில் பாருங்கள், அவசரம் இதில்தான். காலம் இன்னும் முடியவில்லை என்றால் இன்றே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

---

மேல்தொட்டி:

தண்ணீர்ப் பக்கம் சுருக்கமாக. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். "இணைப்பு தரப்பட்ட வீடுகள்" என்ற எண் சாதனைப் பட்டியலில் முழுதாக இருக்கும், அதை விட்டுவிடுங்கள். குழாயின் எண்ணிக்கையை அல்ல, குழாயில் வருவதை அளக்க வேண்டும்.

தொட்டிக்கு அருகில் ஒரு வீடு, நடுவில் ஒன்று, கடைசித் தெருவில் இரண்டு. ஒரே நாளில், தண்ணீர் திறந்திருக்கும் நேரத்தின் நடுவில், 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி என்று கைபேசியில் பாருங்கள். அருகிலுள்ள வீட்டில் 2 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். இரண்டு நாளுக்கு ஒரு முறை 45 நிமிடம் விடுகிறார்கள் என்றால் 450 லிட்டர், நாளைக்கு 225. நான்கு பேர் வீட்டுக்கு ஆளுக்கு 56, தேறிவிட்டது. கடைசித் தெருவில் அதே வாளிக்கு 5 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 4 லிட்டர், 45 நிமிடத்தில் 180, நாளைக்கு 90, ஆளுக்கு 22.5. ஊர் முழுக்கச் சராசரி போட்டால் இந்த இரண்டாவது எண் மறைந்துவிடும். ஆகவே சராசரி எழுதாதீர்கள், தெருவாரியாக எழுதுங்கள். வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் இருந்தால் அளக்கும் நேரத்தில் நிறுத்தச் சொல்லி ஒரு முறை, நிறுத்தாமல் ஒரு முறை எடுங்கள். குறை குழாய் விட்டத்திலா உறிஞ்சுவதிலா என்று அப்போதுதான் பிரியும். நடுவில் ஒரு வால்வு பாதி மூடியிருப்பதும் அடிக்கடி காரணம், அதற்கு ஒரு பைசா செலவில்லை.

மோட்டார் பழுது பில்லுக்கு மின்கட்டணத்தைத் துணைக்கு வையுங்கள். 5 குதிரைத்திறன் மோட்டார் சுமார் நாலரை கிலோவாட் இழுக்கும். இயக்குபவர் பதிவேட்டில் நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 36 யூனிட், 60 நாளுக்கு 2,160. பில் 900 யூனிட் காட்டினால் மோட்டார் நாளைக்கு 3 மணி 20 நிமிடம்தான் ஓடியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை காயில் கட்டியதாகப் பில் இருந்தால், பழுதான நாட்களில் யூனிட் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் எந்த மோட்டாரைக் கழற்றினார்கள்? மீட்டர் பழுதாகிச் சராசரிக் கட்டணம் போட்ட மாதங்களை மட்டும் ஒதுக்கிவிடுங்கள், அவற்றில் இந்தக் கணக்கு செல்லாது.

பவுடர் கணக்கு சொன்னவருக்கு ஒரு சேர்க்கை: மூட்டையைத் திறந்து ஈரமான அறையில் வைத்தால் வீரியம் வேகமாகக் குறையும். 4 கிராம் சரியாகப் போட்டும் பலன் இராது. ஆகவே கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கிறதா என்று சோதனைப் பெட்டியால் பார்ப்பதுதான் முடிவான சோதனை. அந்தப் பெட்டி ஊராட்சியிலேயே இருக்க வேண்டும். திறக்காத உறையோடு இருக்கவும் கூடும்.

---

எட்டாம்வாய்க்கால்:

பக்கத்து ஊராட்சி ஒப்பீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதை ஆதாரமாக வைக்காதீர்கள், அங்கேதான் உங்களைக் கவிழ்ப்பார்கள்.

பெரிய அளவில் நடந்ததைப் பாருங்கள். பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் முதல் கட்டம் பற்றிய 2023-ஆம் ஆண்டு சி.ஏ.ஜி. (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர்) அறிக்கையில் டெல்லி அருகிலுள்ள துவாரகா விரைவுச்சாலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 250.77 கோடி ரூபாய் என்றும், அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்டது 18.20 கோடி என்றும் வந்தது. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. அமைச்சகத்தின் மறுமொழி என்ன? 18.20 என்பது திட்டம் முழுமைக்கும் போட்ட சராசரி, இதுவோ பெரும்பகுதி உயர்த்திக் கட்டிய எட்டு வழிச் சாலை, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்றார்கள். அவ்வளவு விலையில் உயர்த்திக் கட்டத்தான் வேண்டுமா, அந்த முடிவுக்கு எழுத்தில் காரணம் இருக்கிறதா என்பதுதான் தணிக்கையின் கூர்மையான கேள்வி. ஆனால் பேச்செல்லாம் கிலோமீட்டர் விலையிலேயே சுற்றி ஓய்ந்தது.

உங்கள் இரண்டு தெருவுக்கும் அதே கதிதான். அவர்கள் 100 மீட்டர் என்பது 2.5 மீட்டர் அகலமாக இருக்கலாம். படுகை இல்லாமல் பழைய தார்மேல் போட்டிருக்கலாம். குவாரி அவர்களுக்கு 8 கிலோமீட்டர், உங்களுக்கு 30 என்றால் லீட்டிலேயே விலை ஏறும். விலைப் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். அரசுப் பணி ஒப்பந்தத்துக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 12-லிருந்து 18 விழுக்காடானது. அதற்கு முந்திய பணியையும் பிந்திய பணியையும் மொத்தத் தொகையில் ஒப்பிட்டால் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சும்மாவே வித்தியாசம் காட்டும். உங்கள் மதிப்பீட்டில் ஓரச் சாக்கடையும் பெயர்ப்பலகையும் சேர்ந்திருக்கலாம்.

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு மதிப்பீட்டையும் வாங்கி, வரி நீக்கி, லீட் நீக்கி, எம்20 கான்கிரீட் ஒரு கன மீட்டர் என்ன விலை என்ற ஒற்றை வரியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்போதும் வித்தியாசம் நின்றால் அது பேசத் தக்கது.

இன்னொன்று, அளவுநாடாவுடன் சிறு கருத்து வேறுபாடு. எம்-புக்கில் மதிப்பீட்டு எண்ணே இறங்கியிருப்பது எப்போதும் மேசை அளவு அல்ல. அளந்தபோது 46.2 வந்தாலும் அனுமதித்த 45-க்கு மேல் பணம் தர முடியாது என்பதால் 45 என்றே எழுதி முடிப்பவர்கள் உண்டு. முறைகேடான பழக்கம்தான், ஆனால் குறைவாகப் போட்டதற்குச் சான்றாகாது. களத்தில் அளந்த பிறகே பேசுங்கள்.

---

அளவுநாடா:

ஒப்புக்கொள்கிறேன், அப்படியும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பழக்கத்தில் நீளத்தில்தான் வெட்டுவார்கள், கனத்தில் அல்ல. படுகைத் தேதி பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது.

---

வேலிப்பருத்தி:

மிக்க நன்றி. நிறுத்திவைத்த தொகை விஷயத்தை நாளைக்கே கேட்கிறோம். ஊராட்சித் தணிக்கை என்று ஆண்டுதோறும் யாரோ வந்து போகிறார்களே, அவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லையா? எங்கள் அளவை அவர்களிடமே கொடுக்கலாமா?

---

பைசாக்கணக்கு:

கொடுக்கலாம், கொடுக்கும் விதம் முக்கியம்.

கிராம ஊராட்சிக் கணக்கைத் துணை வட்டார வளர்ச்சி அலுவலர் நிலையில் தணிக்கை செய்கிறார்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை சில ஊராட்சிகளை எடுத்து மாதிரித் தணிக்கை செய்யும், ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சிக் கணக்குகள் முழுதும் அவர்கள் பொறுப்பு. அதற்கு மேலே சி.ஏ.ஜி. அவர்களது அறிக்கை அரசமைப்புச் சட்டம் 151-ஆம் பிரிவின்படி ஆளுநருக்குப் போய்ச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டுப் பொதுக் கணக்குக் குழுவுக்கு வரும். உங்கள் 100 மீட்டர் தெரு அங்கே எட்டாது. முதல் படியில் வருபவருக்கோ ஒரு ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சியும் தலையில். அவர் வவுச்சரைப் பார்ப்பார், நாடாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வர நேரமிருக்காது. ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் அதே ஒன்றியத்தின் வேலையைத் தடை செய்வதில் உள்ள சங்கடம் தனி.

முதலில் கடந்த ஆண்டுகளின் தணிக்கை அறிக்கையையும், ஒவ்வொரு தணிக்கைத் தடைக்கும் ஊராட்சி தந்த பதிலையும் கேட்டு வாங்குங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும். ஒரே தடை மூன்று ஆண்டாக "நிலுவை" என்று வந்துகொண்டிருந்தால் நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அது ஏன் தீரவில்லை என்று மட்டும் கேட்டால் போதும்.

பிறகு உங்கள் கண்டுபிடிப்பைத் தணிக்கைப் பத்தி போலவே எழுதுங்கள். என்ன இருந்திருக்க வேண்டும், என்ன இருக்கிறது, வித்தியாசம் எவ்வளவு, எதனால், அதற்கு ஆதாரம் என்ன. மாதிரிக்கு:

"மதிப்பீடு மற்றும் எம்-புக் பக்கம் ...-இன்படி மேல்தளக் கனம் 150 மி.மீ. குழாய் இணைப்புக்காக வெட்டப்பட்ட நான்கு இடங்களில் அளந்ததில் 118, 124, 115, 123 மி.மீ., சராசரி 120 மி.மீ. இதன்படி 9 கன மீட்டர் குறைவு. மதிப்பீட்டு விலையில் ரூ. ... அதிகமாக வழங்கப்பட்டுள்ளதாகத் தெரிகிறது. கோர் சோதனை மூலம் உறுதிசெய்து, அதிகத் தொகையை வசூலிக்கவும், நிறுத்திவைத்த தொகையை அதுவரை விடுவிக்காதிருக்கவும் கோருகிறோம். படங்கள் 4, அளவுத் தாள் 1 இணைப்பு."

இதில் "ஊழல்", "கூட்டுச்சதி" என்ற சொல் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா? அந்தச் சொல்லை எழுதினால் மனு விசாரணைக் கோப்புக்குப் போய்ப் படுத்துவிடும். அளவு வித்தியாசம் என்று எழுதினால் யாராவது ஒருவர் அளந்து பதில் சொல்லியே ஆக வேண்டும். லஞ்சம் கேட்டதற்கு நேரடிச் சான்று இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை, அது வேறு பாதை.

ஒரு பிரதி வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அவர்களுக்கு, ஒன்று மாவட்ட உள்ளாட்சி நிதித் தணிக்கை அலுவலகத்துக்கு, ஒன்று ஆட்சியருக்கு. ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், 1994 ஊராட்சிகள் சட்டப்படி நடவடிக்கை அதிகாரம் அவரிடம். தலைவர் இருந்தாலும், பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

கிராம சபையில் வெறுமனே பேசாதீர்கள், தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கூட்டங்கள் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் வாளிக் கணக்கை வைக்கப் பொருத்தமான கூட்டம். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கண் முன்னே எழுதச் சொல்லி, எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்த பின் "பொருள் விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடும்.

---

வேலிப்பருத்தி:

ஒரு சிறு சந்தேகம். குழாய் வெட்டு இரண்டு இடத்தில்தான் திறந்திருக்கிறது, மற்றவை மூடிவிட்டார்கள். இரண்டு அளவு போதுமா?

---

அளவுநாடா:

குறைவு என்று தீர்ப்பு எழுத இரண்டு போதாது, கோர் எடுக்கச் சொல்லிக் கேட்க இரண்டே தாராளம். "சராசரி", "மொத்தக் குறைவு" என்று கணக்குப் போடாமல் அந்த இரண்டு இடத்தின் அளவை மட்டும் எழுதுங்கள். இடத்தை "தெருத் தொடக்கத்திலிருந்து 34 மீட்டர், இடது ஓரத்திலிருந்து 1.40 மீட்டர்" என்கிற மாதிரிக் குறிப்பிடுங்கள், வீட்டுக்காரர் பெயரைப் போட்டு அவரை இழுத்துவிடாதீர்கள். வெட்டின் ஓரம் சம்மட்டியடியில் சிதைந்திருக்கும், சிதையாத முகத்தில் மூன்று முறை அளந்து அதிகமாக வந்ததை எடுங்கள். அதிகமானதை எடுத்தும் குறைகிறது என்றால் வாதாட அவர்களுக்கு இடமில்லை. மூடிய இடங்களில் ஒட்டுப்போட்ட கான்கிரீட்டுக்குத் தனியாகப் பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். குழாய்ப் பணியின் மதிப்பீட்டிலேயே சாலையைச் சரிசெய்யும் செலவு சேர்ந்திருக்கும், ஊராட்சிப் பொது நிதியில் அதே ஒட்டுக்கு மறுபடி ஒரு பில் வருவதுண்டு.